ஏசிசிஏவா, சிமாவா, சிபிஏவா? கேமரன் மலை வீடுகளில் உலவும் நம்பிக்கைகளும் உண்மைகளும்

எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் வாரத்தில் ரிங்லெட் முதல் கம்போங் ராஜா வரை பல வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளை கணக்கியலில் நல்ல புள்ளி எடுத்திருக்கிறாள். ஏசிசிஏவில் சேர்ப்பதா, சிமாவா, சிபிஏவா? எதை முதலில் எடுத்தால் சீக்கிரம் கரையேறலாம்?

கேள்வியில் குறை இல்லை. பதில் சொல்ல வருகிறவர்களிடம்தான் குறை. கோலாலம்பூர் மாமா ஒன்று சொல்வார், கல்விக் கண்காட்சியில் கையேடு நீட்டியவர் வேறொன்று சொல்வார், கோயில் திருவிழாவில் சந்தித்த தோழியின் அண்ணன் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். தான் போன பாதைதான் எல்லோருக்கும் பாதை என்பது மூவருக்கும் பொதுவான எண்ணம்.

இதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் மலாயாத் தோட்டத் தமிழர் அறிந்த கணக்கு வேலை கிராணி வேலை ஒன்றுதான். அந்த நாற்காலியில் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழரோ மலையாளியோ உட்கார்ந்திருப்பார். பெரட்டில் பேர் கூப்பிட்டு, செக்ரோலில் பதிந்து, மாதக் கடைசியில் சம்பளக் கணக்கை முடித்துத் துரை முன்னால் வைப்பார். தொழில்முறைத் தேர்வு எழுதி வந்தவரல்ல அவர். வேலையிலேயே வேலையைக் கற்றவர். கொழுந்துக்கூடை சுமந்தவர்களின் பிள்ளைகளுக்கு “ஆபீஸ் வேலை” மீது ஆசை வந்தது அவரைப் பார்த்துத்தான். ஆசை நல்லதே. ஆனால் அவர் வந்த வழி இன்றைக்குச் செல்லாது; நடுவில் ஒரு சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தைப் படிக்காமல் எந்தச் சான்றிதழ் முதலில் என்று பேசுவதில் பயனில்லை.

நம்பிக்கை: “ஏசிசிஏ இல்லாம மலேசியாவில கணக்காளர் ஆக முடியாது.”

உண்மை வேறு. மலேசியாவில் கணக்காளர் என்ற பட்டத்தைக் கொடுப்பது ஏசிசிஏவும் இல்லை, சிமாவும் இல்லை. 1967ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டத்தால் அமைந்த மலேசியக் கணக்காளர் கழகம்தான், அதாவது எம்.ஐ.ஏ. அதில் உறுப்பினராகாமல் யாரும் தம்மைக் கணக்காளர் என்று பொதுவில் சொல்லிக்கொண்டு தொழில் செய்யக் கூடாது. உறுப்பினராவதற்கு அந்தச் சட்டத்தின் அட்டவணை இரண்டு பட்டியல்களை வைத்திருக்கிறது. முதல் பட்டியலில் பல்கலைக்கழகப் பட்டங்கள்: மலாயாப் பல்கலைக்கழகம், யூ.கே.எம்., யூ.பி.எம்., வட மலேசியாவின் யூ.யூ.எம். போன்றவற்றின் கணக்கியல் பட்டங்கள். இரண்டாம் பட்டியலில் தொழில்முறை அமைப்புகள்: ஏசிசிஏ, சிமா, சிபிஏ ஆஸ்திரேலியா, இங்கிலாந்தின் ஐ.சி.ஏ.ஈ.டபிள்யூ., நம் நாட்டிலேயே 1958இல் பிறந்த எம்.ஐ.சி.பி.ஏ., இந்தியாவின் சி.ஏ. கழகம் முதலியவை. இரண்டில் எந்தப் பட்டியல் வழியாக வந்தாலும் மூன்றாண்டு பொருத்தமான வேலை அனுபவம் வேண்டும். முடிவில் கிடைக்கும் உறுப்பினர் தகுதி ஒன்றுதான்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். படிவம் ஆறு முடித்து எஸ்.டி.பி.எம்.மில் நல்ல புள்ளியோடு வருகிற பிள்ளைக்கு யூபியு வழியாக யூ.யூ.எம்.மில் கணக்கியல் பட்டத்துக்கு இடம் கிடைக்கிறது என்று வையுங்கள். பட்டம் முடித்து, மூன்றாண்டு வேலை பார்த்து, எம்.ஐ.ஏ.வில் சேர்ந்துவிடலாம். ஏசிசிஏ ஒரு தாள்கூட எழுத வேண்டியதில்லை. பிறகு வெளிநாட்டு வேலைக்கோ பெரிய நிறுவனத்துக்கோ தேவை என்றால் அப்போது எழுதிக்கொள்ளலாம். அதற்குள் சம்பளம் வரும், பட்டத்துக்காகச் சில தாள்களில் விலக்கும் கிடைக்கும். அரசுப் பல்கலைக்கழக இடத்தை விட்டுவிட்டு, “ஏசிசிஏதான் உலகம் முழுக்கச் செல்லும்” என்று கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ப்பது என் கணக்கில் நஷ்டமான வியாபாரம்.

தனியார் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பட்டம் எம்.ஐ.ஏ.வின் முதல் பட்டியலில் இருக்கிறதா? கணக்கியல் என்று பெயரில் இருப்பது மட்டும் போதாது. கல்லூரிக்காரர் வாய்ச்சொல்லும் போதாது, எம்.ஐ.ஏ.விடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: “எது பெரிய பேரோ அதை முதல்ல எடுத்துடணும்.”

எந்தக் கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது என்பது பெயரைவிட முக்கியம். சிபிஏ ஆஸ்திரேலியாவில் முழுத் தகுதி பெற ஒரு பட்டம் கட்டாயம். ஐ.சி.ஏ.ஈ.டபிள்யூ.வின் ஏ.சி.ஏ. தகுதிக்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்றோடு பயிற்சி ஒப்பந்தம் வேண்டும். கேமரன் மலைப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் கோலாலம்பூருக்குக் குடிபெயர்வதில்தான் முடியும். எம்.ஐ.சி.பி.ஏ.வும் பட்டமும் பயிற்சி நிறுவனமும் கேட்கும் வழிதான். ஆகவே எஸ்.பி.எம். மட்டும் கையில் உள்ளவர் இவற்றை முதலில் எடுப்பதா என்று விவாதிப்பது வீண்.

எஸ்.பி.எம்.மோடு வருகிறவருக்குத் திறந்திருக்கும் கதவுகள் இரண்டு. ஒன்று, ஏசிசிஏவின் அடித்தள நிலை. பழைய தலைமுறைக்கு அது ‘கேட்’ என்ற பெயரில் தெரியும். இப்போதைய முறையில் முதல் இரண்டு தாள்களுக்கு ஒரு சான்றிதழ், அடுத்த இரண்டுக்கு ஒரு சான்றிதழ், அதற்கு மேல் மூன்று தாள்களுக்கு ஒரு டிப்ளோமா என்று படிப்படியாகக் கிடைக்கும். டிப்ளோமா முடித்தால் ஏசிசிஏவின் முதல் மூன்று தாள்களை மறுபடி எழுத வேண்டாம். இன்னொன்று, சிமாவின் தொடக்கநிலைச் சான்றிதழ், நான்கு தாள்கள். எஸ்.டி.பி.எம்.மில் இரண்டு பாடங்களாவது தேறி, ஆங்கிலமும் கணிதமும் கையில் இருந்தால் ஏசிசிஏவின் பிரதான நிலைக்கே நேராகப் போகலாம். அங்கே மொத்தம் 13 தாள்கள்: அறிவு நிலை மூன்று, திறன் நிலை ஆறு, உத்தி நிலை நான்கு.

படிப்படியான சான்றிதழை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தோட்டத்துக் குடும்பத்தில் படிப்பு நடுவில் நிற்பது சாதாரணம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகும், வீடு மாற வேண்டி வரும், தம்பிக்குப் பணம் தேவைப்படும். நான்காம் தாளில் நின்றுபோனாலும் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். அதைக் காட்டி தானா ராத்தாவிலோ தாப்பாவிலோ ஒரு கணக்கு அலுவலகத்தில் உட்கார முடிய வேண்டும். முழுவதையும் முடித்தால்தான் மதிப்பு என்கிற தகுதி, வசதியுள்ள வீட்டுக்குச் சரி.

நம்பிக்கை: “சிமா ரெண்டாம் தரம். ஆடிட் பண்ண முடியாது.”

பாதி உண்மை இது. சிமா தணிக்கையாளரை உருவாக்கும் படிப்பு அல்ல. நிறுவனத்துக்குள் உட்கார்ந்து செலவையும் விலையையும் முடிவையும் கணக்கிடுகிறவரை உருவாக்கும் படிப்பு. ஆனால் எம்.ஐ.ஏ.வின் இரண்டாம் பட்டியலில் ஏசிசிஏவுக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது. இரண்டாம் தரம் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

அதிலும் தேயிலை மலையில் இருந்துகொண்டு செலவுக் கணக்கியலைக் குறைத்துப் பேசுவது வேடிக்கை. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மீதி எடை ஈரமாகப் போய்விடுகிறது. மழை பெய்த நாளில் நிறுத்த கொழுந்தில் எவ்வளவு இலை, எவ்வளவு தண்ணீர்? கத்தரியால் வெட்டியதற்கும் இயந்திரத்தால் வெட்டியதற்கும் கிலோவுக்கு எவ்வளவு கூலி விழுகிறது? அந்நியத் தொழிலாளருக்குக் கட்டும் லெவியை எந்தச் செலவில் சேர்ப்பது? 2025 அக்டோபர் முதல் அவர்களுக்கும் இரண்டு விழுக்காடு ஈ.பி.எஃப். வந்துவிட்டதே, அதைக் கிலோ விலையில் எப்படிக் காட்டுவது? பாடப்புத்தகம் வழமையான இழப்பு, செயல்முறைச் செலவு என்று சொல்வது இங்கே தொழிற்சாலைக் கதவுக்கு உள்ளே தினமும் நடக்கிறது. மலையில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும்.

நிதிக் கணக்கியலிலும் அப்படித்தான். பன்னாட்டுக் கணக்கியல் விதிகளில் விவசாயத்துக்கென்று தனி விதி ஒன்று உண்டு. மலேசியாவில் அது எம்.எஃப்.ஆர்.எஸ். 141. முதலில் எழுதப்பட்ட விதி, தேயிலைச் செடியையும் உயிருள்ள சொத்தாகப் பார்த்து ஒவ்வோர் ஆண்டும் நியாய மதிப்பில் மறுமதிப்பீடு செய்யச் சொன்னது. செடி வளர்ந்தால் லாபம், சந்தை இறங்கினால் நஷ்டம். விற்பதற்கில்லாத செடிக்கு விலை போட்டுக்கொண்டிருந்தார்கள். செம்பனை நாடான மலேசியா இது பொருந்தாது என்று வற்புறுத்தியது. 2014இல் விதி திருத்தப்பட்டு 2016 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. இப்போது தேயிலைச் செடி, ரப்பர் மரம், செம்பனை எல்லாம் பலன் தரும் செடிகள்; தொழிற்சாலை இயந்திரத்தைப் போல வாங்கிய, வளர்த்த செலவில் பதிந்து தேய்மானம் போட்டுக்கொள்ளலாம். செடியின் மேல் துளிர்த்து நிற்கும் கொழுந்துக்கு மட்டும் நியாய மதிப்பு. தோட்ட நிறுவனங்கள் புதிய விதித் தொகுப்புக்கு மாற 2018 வரை மலேசியா அவகாசமும் கொடுத்தது. சிறிய தனியார் நிறுவனங்கள் எம்.பி.இ.ஆர்.எஸ். என்ற எளிய தொகுப்பைப் பின்பற்றலாம் என்பது வேறு விஷயம். ஏசிசிஏவின் திறன் நிலையில் நிதி அறிக்கைத் தாளில் இந்த விதி பாடமாகவே இருக்கிறது. சுங்கை பாலாசுக்குத் தேநீர் குடிக்க வருகிற சுற்றுலாப் பயணிக்கு அங்குள்ள தேயிலைச் சரிவு ஒரு புகைப்படம். அதே சரிவைப் பார்த்து, எது நிலைச் சொத்து, எது விளைச்சல் என்று பிரித்துச் சொல்லும் திறமைக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஆக, தோட்டம், தொழிற்சாலை, உற்பத்தி என்று மனம் போனால் சிமாவை முதலில் எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னும் எதில் மனம் என்று தெரியாத பதினேழு வயதுக்கு ஏசிசிஏ அகலமான வழி. வரி, தணிக்கை, நிறுவனம் மூன்றுக்கும் பின்னால் திரும்பிக்கொள்ளலாம்.

நம்பிக்கை: “ஒன்பது பேப்பர் விலக்கு கிடைக்குதாம். அள்ளிக்க வேண்டியதுதானே?”

பொருத்தமான பட்டத்தோடு வருகிறவர்களுக்கு ஏசிசிஏ ஒன்பது தாள்கள் வரை விலக்களிப்பது உண்மை. இலவசமாக அல்ல, விலக்குப் பெறும் தாளுக்கும் கட்டணம் உண்டு. அதைவிடப் பெரிய செலவு பிறகு வரும். திறன் நிலையில் நிதி அறிக்கைத் தாளை எழுதாமல் தாண்டியவர், உத்தி நிலையின் அறிக்கைத் தாளில் நேராகப் போய் மோதுவார். பட்டப்படிப்பில் அந்தப் பாடத்தைத் தட்டுத்தடுமாறித் தேறியவராக இருந்தால், விலக்கை விட்டுவிட்டு எழுதுவதே நல்லது.

அமெரிக்கச் சிபிஏ பற்றி இப்போது நிறைய விளம்பரம். 2024 முதல் மூன்று பொதுத் தாள்கள், ஒரு விருப்பத் தாள், மொத்தம் நான்குதான், சீக்கிரம் முடியும் என்கிறார்கள். நல்ல தகுதிதான். ஆனால் நம் சட்டத்தின் இரண்டாம் பட்டியலில் அது இல்லை. அமெரிக்க நிறுவனங்களுக்குச் சேவை செய்யும் மையங்களில் வேலை பார்க்க விரும்பும் பட்டதாரிக்கு இரண்டாவது தகுதியாக இருக்கட்டும், முதலாவதாக வேண்டாம். சி.எஃப்.ஏ.வோ கணக்கியலே அல்ல, முதலீட்டுப் படிப்பு. சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் இந்தியச் சி.ஏ.வுக்குக் கூப்பிடுவார்கள். அது பட்டியலில் இருக்கிறது, கடினமும் மரியாதையும் உள்ள படிப்பு. ஆனால் அங்கே படிக்கும் வரிச் சட்டமும் நிறுவனச் சட்டமும் இந்தியாவுடையவை. திரும்பி வந்து இங்குள்ளதைப் புதிதாகப் படிக்க வேண்டும்.

நம்பிக்கை: “பரீட்சை முடிஞ்சா சொந்தமா ஆபீஸ் போட்டு ஆடிட் பண்ணலாம்.”

முடியாது. எம்.ஐ.ஏ. உறுப்பினர் தகுதி ஒன்று, தொழில் நடத்தும் சான்றிதழ் இன்னொன்று, நிறுவனங்களைத் தணிக்கை செய்யும் உரிமம் மூன்றாவது. அந்த உரிமத்தை 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி நிதியமைச்சர் கொடுக்கிறார். தணிக்கை அனுபவம் இல்லாமல் கிடைக்காது. வரி முகவராக 1967ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 153ஆம் பிரிவின் கீழ் தனி அனுமதி வேண்டும். எனவே முதல் சான்றிதழோடு சேர்த்து முதல் வேலையையும் யோசியுங்கள். தணிக்கைதான் கனவென்றால் தாள்களில் பாதி முடியும்போதே ஒரு தணிக்கை அலுவலகத்தில் நுழைந்துவிட வேண்டும்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருக்கிறது. சிறிய தனியார் நிறுவனங்களுக்குத் தணிக்கையிலிருந்து விலக்களிக்கும் வரம்பை அரசாங்கம் படிப்படியாக உயர்த்தி வருகிறது. ஆண்டு வருமானம், சொத்து மதிப்பு, தொழிலாளர் எண்ணிக்கை என்ற மூன்றில் இரண்டு வரம்புக்குள் இருந்தால் போதும். 2025இல் 10 லட்சம் ரிங்கிட், 10 தொழிலாளர் என்று தொடங்கிய வரம்பு, 2027இல் 30 லட்சம், 30 தொழிலாளர் என்று நிற்கும். மலையில் காய்கறித் தோட்டம், லாரி, தங்கும் விடுதி நடத்துகிறவர்களில் பலர் அந்த வரம்புக்குள் வரக்கூடியவர்கள். மறுபக்கம், 2024 ஆகஸ்ட்டில் பெரிய நிறுவனங்களோடு தொடங்கிய மின் விலைப்பட்டியல் முறை கட்டம் கட்டமாகச் சிறிய நிறுவனங்கள் பக்கம் இறங்கி வருகிறது. சிறுதொழில் கணக்கில் தணிக்கை குறையும், வரியும் அன்றாடக் கணக்கும் கூடும். மலையிலேயே தொழில் நடத்த நினைக்கிறவர் ஏசிசிஏவின் விருப்பத் தாளில் வரியை எடுப்பது புத்திசாலித்தனம்.

நம்பிக்கை: “இப்ப எல்லாம் ஆன்லைன்தான். மலையில இருந்தே முடிச்சிடலாம்.”

படிப்பை முடிக்கலாம். தேர்வை அப்படி நம்ப வேண்டாம். கோவிட் காலத்தில் ஏசிசிஏ கொண்டுவந்த வீட்டுத் தேர்வு முறையை, ஏமாற்று வேலைகள் பெருகியதால், 2026 மார்ச் முதல் விதிவிலக்கான நிலைமைகளுக்கு மட்டும் என்று சுருக்குகிறார்கள். பெரும்பாலான தாள்களுக்கு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை தேர்வு. ஒவ்வொரு முறையும் மலையிலிருந்து இறங்கித் தேர்வு மையத்துக்குப் போக வேண்டும். டிசம்பர் மழையில் தாப்பா சாலையில் மண்சரிவு வந்தால் என்ன ஆகும் என்பது மலைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் நாளே இறங்கித் தங்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

ஏசிசிஏ, சிமா கட்டணங்கள் பவுண்டில் இருக்கின்றன. ரிங்கிட் இறங்கினால் உங்கள் செலவு ஏறும். தேர்வு எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஆண்டுச் சந்தா போய்க்கொண்டே இருக்கும். உத்தி நிலையில் முதல் தாள் தேறியதிலிருந்து ஏழாண்டுக்குள் மீதியையும் முடிக்காவிட்டால் பழைய தேர்ச்சி காலாவதியாகத் தொடங்கும். “மெதுவா எழுதிக்கலாம்” என்பது வசதியாகத் தோன்றும். மெதுவாக எழுதுவதுதான் இந்தப் படிப்பில் அதிகச் செலவு.

பண உதவிக்கு வருவோம். பூமிபுத்ரா மாணவர்களுக்கு யாயாசான் பெனெராஜு கொடுக்கும் தொழில்முறைக் கணக்கியல் உதவி நம் பிள்ளைகளுக்கு இல்லை. ஆகவே பி.டி.பி.டி.என். கடன் அந்தப் படிப்புக்கும் அந்தக் கல்லூரிக்கும் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். 1984இல் ம.இ.கா. தொடங்கிய எம்.ஐ.இ.டி.யிடமும் விண்ணப்பித்துப் பாருங்கள். இரண்டு பதிலும் வருமுன் முன்பணம் கட்டாதீர்கள்.

இந்த ஆண்டு முடிவெடுக்கும் குடும்பங்களுக்குக் கடைசியாக ஒன்று. ஏசிசிஏ தன் தகுதியின் அமைப்பையே மாற்றி, 2027 முதல் புதிய முறையைக் கொண்டுவருவதாக அறிவித்திருக்கிறது. இப்போது சேரும் பிள்ளை பழைய முறையில் தொடங்கிப் புதிய முறையில் முடிக்க நேரிடலாம். தேறும் ஒவ்வொரு தாளும் புதிய அமைப்பில் எதற்கு ஈடாகும் என்று கல்லூரியிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு சேருங்கள்.